கேட்டைத் தாண்டும்போது வலி நின்னுபோச்சு

ஏறி உட்காருங்க டாக்டரம்மா. கரட்டுமேட்டுப்புதூர் சமுதாயக் கூடத்துக்குத்தானுங்களே? நாந்தான் ஆட்டோக்கார ஆறுச்சாமி. பிரசிடெண்டு சொல்லி விட்டாரு, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல கண்ணாடி போட்ட டாக்டரம்மா ஒருத்தர் எறங்குவாங்க, கூட்டிட்டு வந்துருன்னு. கண்ணாடி போட்டவங்க நாலு பேரு எறங்குனாங்க. உங்க பையிலிருந்து முதுகெலும்பு எட்டிப் பார்த்ததால கண்டுபுடிச்சேன்.

பிளாஸ்டிக்குன்னு தெரியுமுங்க. இதெல்லாம் நான் நெறயப் பார்த்தவன். பையை இப்படிக் குடுங்க, முன்னாடி வெச்சுக்கறேன். பதினாலு கிலோமீட்டரு, அரை மணி நேரம் ஆகும். நடுவுல ரயில்வே கேட்டு ஒண்ணு இருக்குது, அது போட்டிருந்தா கொஞ்சம் எச்சா ஆகும். கூட்டம் மூணு மணிக்குத்தானுங்களே, போயிரலாம். நீங்க கேட்ட மாதிரியே பிரசிடெண்டு ஒரு பழைய கதவைக் கழட்டிக் கூடத்துல வெச்சிருக்காரு. எதுக்குன்னு கேட்டேன், அவருக்கும் தெரியலைன்னாரு.

போறதுக்குள்ள ஒண்ணு கேட்டுப்போடறனுங்க. அடிபட்டுக் கெடக்கறவனை எப்படிக் காப்பாத்தறதுன்னுதானுங்களே இன்னிக்குப் பேசப் போறீங்க? அப்படிப் பேசறப்போ ஒரு வார்த்தை, இந்த ஊருல ஆறுச்சாமின்னு ஒருத்தர் அப்படிக் காப்பாத்தியிருக்காருன்னு சொல்லோணுமுங்க. என்ற பேரு வரோணும்கறதுக்காகக் கேக்கலை. முன்வரிசையில வீல் சேர்ல ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். சென்னியப்பன்னு பேரு. அவன் காதுல அது விழோணும். அவ்வளவுதான்.

ஏன் கேக்கறேன்னா, இன்னிக்குக் கூட்டத்துக்கு என்னை வர வேண்டாம்னு சொல்லிட்டானுங்க அவன். காலையில ஊட்டுக்கு வரச் சொல்லி, நேருக்கு நேராச் சொல்றான். ‘டேய் ஆறு, நீ மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் எங்கயாச்சும் வாடகைக்குப் போயிரு. கூடத்துப் பக்கம் வராத.’ எனக்குப் பொசுக்குன்னு போச்சுங்க. அந்நேரம் பாத்துப் பிரசிடெண்டு போன் பண்ணி உங்களைக் கூட்டியாரச் சொன்னாரு. சரி, இது மாசாணியாத்தாளே ஏற்பாடு பண்ணுன வாடகைன்னு கெளம்பிட்டேன். உங்களை எறக்கி விட்டுட்டு நேரா உள்ள வந்து முன்வரிசையில அவம் பக்கத்துலயே உட்காரப் போறேன். பார்க்கலாம் என்ன பண்றான்னு.

ஏய், ஆட்டை ஓரமா ஓட்டு. ரோடு உங்கப்பன் ஊட்டு ரோடா.

சென்னியும் நானும் ஒண்ணாப்புலருந்து ஒண்ணுங்க. அவன் தென்னை ஏறறவன். மரம் ஏறற மெசின் வந்தும் அதைத் தொட மாட்டான், கால்ல கயித்துத் தளையை மாட்டிக்கிட்டு அப்படியே போவான். நாப்பது அடி மரத்துல பீடி குடிச்சுக்கிட்டு நிக்கற ஆளு. அவன் விழுவான்னு யாரும் நெனச்சதில்லை. அவனும் நெனச்சதில்லை. வர்ற மாசி வந்தா ரெண்டு வருசம்.

மில்லுக்காரர் தோப்புங்க. பகல் பதினோரு மணி இருக்கும். நான் ஆளுகளைக் கொண்டாந்து எறக்கிட்டு, வரப்புல குந்தி எளநி குடிச்சுட்டு இருந்தேன். சொத்தை மட்டையைப் புடிச்சிருக்கான். மட்டை அவனோட சேர்ந்தே வந்துருச்சு. தலைகுப்புற விழலீங்க, உட்கார்ந்த வாக்குல பொத்துன்னு வரப்பு மேல விழுந்தான். ஓடுனேன். பேச்சு நல்லா இருக்குது. மண்டையில ஒரு கீறல் இல்லை. நடு முதுகுல உசுரு போற வலி, காலு வரைக்கும் இழுக்குதுங்கறான். வலி தாங்காம ரெண்டு காலையும் மண்ணுல ஒரைச்சு ஒரைச்சு, குதிகால்லயே ரெண்டு வாய்க்கால் வெட்டிட்டான்.

தேங்காய் பொறுக்க வந்த பொம்பளைங்க எல்லாம் வாயில அடிச்சுக்கிட்டு அழுதுட்டு நிக்கறாங்க. மில்லுக்காரர் மருமவ காலேஜ் படிச்ச புள்ளை, பம்பு ரூமுலருந்து ஓடியாந்து, ‘தொடாதீங்க, ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு, இருவது நிமிசத்துல வந்துரும்’னு நிக்குது. நான் கேட்டேன், ‘ஏஞ்சாமி, இருவது நிமிசம் ஒரு மனுசன் மண்ணுல கெடந்து துடிக்கறதைப் பாத்துட்டு நிக்க உன்னால முடியுமா? என்னால முடியாது.’ சரியாத்தானுங்களே கேட்டேன்?

மொதல்ல உட்கார வெச்சேன். உட்கார வெச்சு நாலு வாய் தண்ணி குடுத்தாத்தானுங்களே மனுசன் தெளிவான். பொறகால நின்னு ரெண்டு கக்கத்துலயும் கையைக் குடுத்து ஒரே தூக்கு. அம்மான்னு கத்துனான். நல்லதுன்னு நெனச்சேன், சத்தம் இருந்தா உசுரு இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம். அப்புறம் தோள்ல போட்டேன், தலை பின்னால, காலு முன்னால. எழுவது கிலோ இருப்பானுங்க. நாலு வரப்பு, ஒரு வாய்க்கால், ஒரு முள்வேலி. ஒத்தை ஆளு. பெரியான்னு ஒருத்தன், தேங்காய் உரிக்கறவன், கூடவே ஓடி வந்தான். அவன் சென்னியோட துண்டைத் தூக்கிட்டு வந்தான்.

இந்த ஆட்டோதானுங்க. நீங்க உட்கார்ந்திருக்கற அந்தச் சீட்டுதான். நகர வேண்டியதில்லீங்க, சும்மா உட்காருங்க. படுக்க வெச்சா காலு வெளியில நீட்டுது. அதனால முழங்காலை நெஞ்சோட சேர்த்து மடிச்சு, முதுகை வளைச்சு, பெரியான் மடியில திணிச்சோம். திணிக்கறப்போ கூட ஒரு காலு பெரியான் மூக்குல ஒதைச்சுது. பெரியான் இன்னிக்கும் மூக்கைத் தடவித் தடவி அந்தக் கதையைச் சொல்லுவான்.

அப்புறம் ஓட்டுனேன் பாருங்க. முன்னால வர்ற அதே கேட்டுதான், மணி அடிச்சுக் கட்டை எறங்கிட்டு இருக்குது. நான் விடலை. குனிஞ்சு உள்ள பூந்துட்டேன். தண்டவாளத்து மேல வண்டி ஒரு குதி குதிச்சுது. சென்னி ஒரு சத்தம் போட்டான். அந்த மாதிரிச் சத்தத்தை அதுக்கு முன்னாடியும் நான் கேட்டதில்லை, அதுக்கப்புறமும் கேட்டதில்லை. அப்புறம் அமைதியாயிட்டான். எனக்குப் பயமாப் போச்சு. திரும்பாமயே, ‘சென்னி, எப்படிடா இருக்குது’ன்னேன். ‘இப்பப் பரவால்லடா, கால்ல இருந்த வலியெல்லாம் போயிருச்சு’ன்னான். பெரியானும், ‘ஆமாண்ணா, ஒதைக்கறதை நிறுத்திட்டான்’னான். நான் ஒத்தைக் கையை எடுத்து மாசாணியம்மனைக் கும்பிட்டுக்கிட்டு, மறுகையில ஓட்டுனேன்.

விழுந்ததுலருந்து ஆசுபத்திரி வாசல் வரைக்கும் இருவத்தெட்டு நிமிசம். ஆம்புலன்சு அப்பத்தான் தோப்புக்கே போயிருக்குமுங்க. இங்க படம் எடுத்துப் பாத்துட்டுக் கோயமுத்தூருக்கு அனுப்பிட்டாங்க. அனுப்பறப்போ நாலு பேரு சேர்ந்து, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிப் பலகையில பொரட்டிப் போட்டு, தலை அசையாமப் பட்டை கட்டி, என்னமோ கல்யாணத்துக்குக் கண்ணாடிச் சாமான் கொண்டு போற மாதிரி கொண்டு போனாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நான் ஒத்தை ஆளாத் தோள்ல தூக்கிட்டு வந்தவன்.

நீங்க சிரிக்கலையே. சரி, வெய்யில்.

கோயமுத்தூருல பெரிய டாக்டரு தங்கமான மனுசன். உங்க பையில இருக்கற மாதிரியே ஒண்ணை மேசையில வெச்சிருந்தாரு. எனக்கு எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கோணும். அவரும் சலிக்காமச் சொன்னாரு. மூளைங்கறது மண்டை ஓட்டுக்குள்ள சும்மா உட்கார்ந்திருக்கலையாம், தண்ணியில மெதந்துட்டு இருக்குதாம். வலது பக்கத்து மூளை இடது கையைப் பாத்துக்குதாம், இடது பக்கம் வலது கையை. எதுக்குங்க இப்படி மாத்திக் கட்டியிருக்குதுன்னேன். அது எங்களுக்கே சரியாத் தெரியலைன்னுட்டாரு. அதுலயே எனக்கு அவரைப் புடிச்சுப்போச்சு. பின்மண்டையில சின்னதா இன்னொண்ணு இருக்குதாம், தடுமாறாம நிக்க வெக்கறது அதுதானாம். சென்னி மரத்து உச்சியில நின்னு காய் வெட்டறப்பல்லாம் அதுதான் அவனைப் புடிச்சுட்டு இருந்திருக்குது. மூச்சு, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் அடிப்பக்கத்துல ஒரு தண்டு பாத்துக்குதாம், நாம தூங்குனாலும் அது தூங்காதாம்.

அதுக்குக் கீழதானுங்க தண்டுவடம். சுண்டுவெரல் தண்டிதான் இருக்கும்னாரு. எனக்கு நம்பவே முடியலை. இவ்வளவு பெரிய ஒடம்புக்கு சுண்டுவெரல் தண்டிக் கயிறு. அதுக்குள்ளயே நட, நில்லுங்கற கட்டளை கீழ போவுது, சூடு குளிரு வலியெல்லாம் மேல வருது. எலும்புக்கு எலும்பு ரெண்டு பக்கமும் நரம்பு பிரிஞ்சு போவுது, முப்பத்தொரு சோடி. இடுப்புக்குக் கொஞ்சம் மேலயே வடம் முடிஞ்சுருதாம், அதுக்குக் கீழ வெறும் நரம்புதான், குதிரை வாலாட்டம். சென்னிக்கு எலும்பு நொறுங்குனது அந்த வடம் முடியறதுக்குக் கொஞ்சம் மேல.

நான் டாக்டர்கிட்டச் சொன்னேன், ‘எனக்கு இது புதுசில்லீங்க.’ ஆட்டோ வாங்கறதுக்கு முன்னாடி பன்னண்டு வருசம் போர்வெல்லுல மோட்டார் எறக்கற வேலைதான் எனக்கு. முன்னூறு அடி ஆழத்துல மோட்டார் கெடக்குது, மேல ஸ்டார்ட்டரு இருக்குது, நடுவுல குழாயோட சேர்த்துக் கட்டுன கேபிளு. கேபிளு ஒரே ஒரு எடத்துல நசுங்குனாப் போதும். மேலயும் நல்லா இருக்கும், கீழயும் நல்லா இருக்கும், தண்ணி மட்டும் வராது. டாக்டரு அசந்துட்டாரு. ‘ஆறுச்சாமி, இதை நானே இவ்வளவு தெளிவாச் சொல்ல முடியாது’ன்னாரு. அதனாலதானுங்க நான் குழாயைத் தூக்கறப்போ வளைய விட்டதே இல்லை. கிளாம்பு போட்டு, மூணு பேரு ஒரே நேரத்துல, நேரா, ஒவ்வொண்ணா. எவனாச்சும் அவசரப்பட்டு மடக்கி இழுத்தான்னா அன்னிக்கே கூலியைக் குடுத்துத் தாட்டி விட்டுருவேன். பன்னண்டு வருசத்துல என் கையில ஒரு கேபிளு நசுங்குனதில்லை.

சென்னிக்கு விழுந்த விழுவுலயே நசுங்கிப்போச்சு. அதுக்கு யாரு என்ன பண்றது. உசுரோட இருக்கான், கை நல்லா இருக்குது, பேச்சு நல்லா இருக்குது. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. ஒண்ணுக்குப் போறது கூடக் குழாயிலதான். சில நாளு போர்வை பட்டா காலு தானா வெடுக்குன்னு ஒதைக்கும். மொத வாட்டி அதைப் பாத்துட்டு நான் ஊரெல்லாம் மிட்டாய் குடுத்துட்டேன், சென்னிக்குக் காலு வந்துருச்சுன்னு. அப்புறம் டாக்டரு சொன்னாரு, அது மூளை சொல்லி ஒதைக்கறது இல்லீங்க, கீழ இருக்கற வடமே தன்னாலப் பண்றதுன்னு. மிட்டாயைத் திரும்பி வாங்கவா முடியும்.

இப்ப என்ற வருத்தத்தைச் சொல்றேன் கேளுங்க. இந்த ரெண்டு வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ‘ஆறு, நீதான்டா என்னைக் காப்பாத்துனே’ன்னு அவன் வாயில வரலை. அவன் சம்சாரம் நாகமணி என்ற மூஞ்சியப் பாத்துப் பேசறதில்லை. ஆசுபத்திரியில மூணாம் நாளு பெரிய டாக்டரு அவங்க ரெண்டு பேரையும் தனியா வெச்சு என்னமோ பேசுனாரு. நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். மேல வந்தா நாகமணி வராண்டாவுல நின்னுட்டு என்னையே பாக்கறா. கண்ணு ரத்தமாட்டம் செவந்திருக்குது. ‘அண்ணா’ன்னு ஆரம்பிச்சா. உள்ள இருந்து சென்னி, ‘நாகமணி, இங்க வா’ன்னு ஒரு சத்தம் போட்டான். படுத்த படுக்கையா இருக்கறவன் போட்ட சத்தம் அந்த வார்டுக்கே கேட்டுது. அவ உள்ள போயிட்டா. அந்த அண்ணாவுக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க.

புதன்கிழமைக்குப் புதன்கிழமை நாந்தான் அவனை எக்சர்சைசுக்குக் கூட்டிட்டுப் போறேன். வாடகைப் பேச்செல்லாம் இல்லை. சேர்லருந்து தூக்கி வண்டியில வெக்கறேன், வண்டியிலருந்து தூக்கி சேர்ல வெக்கறேன். நாகமணி டீயைக் கொண்டாந்து மதில் மேல வெச்சுட்டு உள்ள போயிருவா. கையில குடுக்க மாட்டா. ஆறிப்போன டீயைக் குடிச்சுட்டு வர்றேன் நானு. யாருகிட்டச் சொல்றது.

டீக்கடையில நான் அந்தக் கதையை எடுத்தாலே போதும், தோள், வரப்பு, கேட்டுன்னு, சென்னிக்கு மூஞ்சி சுருங்கிரும். ‘விடுறா ஆறு, போதும்’பான். போன வருசம் பொறுக்க முடியாமக் கேட்டே போட்டேன். ‘நான் உனக்கு என்ன கொறை வெச்சேன்? ஒரு வாட்டி, காப்பாத்துனேன்னு சொல்றதுக்கு உனக்கு வாய் நோவுதா?’ அவன் சேரை எம் பக்கம் திருப்புனான். அப்புறம், ‘அத்தனை பேரு இருந்தும் நீதான்டா ஓடி வந்தே. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்’னான். ஓடி வந்தேன்னு சொன்னான். காப்பாத்துனேன்னு சொல்லலை. கவனிச்சீங்களா?

பொறாமைங்க. ஊருல எனக்குப் பேரு ஆயிருச்சு. இப்பெல்லாம் யாராச்சும் அடிபட்டா, கூப்புடு ஆறுச்சாமியைங்கறாங்க. நான் இல்லைன்னாலும் பசங்க என்னாட்டமே தூக்கப் பழகிட்டாங்க, உட்கார வெச்சுத் தண்ணி, அப்புறம் தோளு. போன தையில கொத்து மேஸ்திரி ஒருத்தரு சாரத்துலருந்து விழுந்தாரு. நான் போறதுக்குள்ள பசங்களே தோள்ல போட்டு ஓட்டமா ரோட்டுக்குக் கொண்டாந்துட்டானுக. நல்ல வேளை, கை எலும்போட போச்சு. சென்னிகிட்டப் பெருமையாச் சொன்னேன், பாத்தியா, ஊரே கத்துக்கிச்சுன்னு. கையில இருந்த சோத்துத் தட்டைக் கீழ வெச்சுட்டான். ரெண்டு நாளு சாப்பிடலைன்னு பெரியான் சொன்னான். மூணாம் நாளு பிரசிடெண்டுக்கு மனு எழுதுனானுங்க. ஒண்ணு இல்லை, மூணு மனு. டாக்டரை வர வெச்சு ஊருக்குச் சொல்லித் தரோணும்னு. உங்களை வர வெச்சதே அவந்தானுங்க. உங்களுக்குத் தெரியாதா? வர வெச்சுட்டு என்னை மட்டும் வர வேண்டாங்கறான். இதுக்கு என்ன பேருங்க, நீங்களே சொல்லுங்க.

அட, கேட்டுப் போட்டுட்டான். பரவால்லீங்க, பத்து நிமிசம். எஞ்சினை நிறுத்திடறேன்.

நானே தொணதொணன்னு. சரி, இப்ப நீங்க சொல்லுங்க. இன்னிக்கு என்ன சொல்லிக் குடுக்கப் போறீங்க? வேணும்னா எனக்கு மொதல்லயே சொல்லிருங்க, மேடையில நானே தூக்கிக் காட்டறேன்.

தூக்கக் கூடாதுங்களா.

தூக்காம எப்படிங்க? உட்காரவும் வெக்கக் கூடாதா. தண்ணியும் கூடாதா. சரி. மண்ணுலயே விட்டுறோணும். தலையை மட்டும் ஒருத்தர் அசையாமப் புடிச்சுக்கோணும். அப்புறம்? நாலு பேரு சேர்ந்து, ஒரே நேரத்துல, முதுகு வளையாம, கதவு மேல பொரட்டி… ஓ, அதுக்குத்தானுங்களா கதவு. பிரசிடெண்டு எதுக்கோன்னு நெனச்சுட்டு இருக்காரு. மில்லுக்காரர் பம்பு ரூமுல கூட ஒரு கதவு இருந்துதுங்க. தகரக் கதவு. ரெண்டு ஆணி, புடுங்குனா வந்துரும்.

எலும்பு மட்டும் நொறுங்கியிருக்கும், உள்ள வடம் தப்பிச்சுக் கெடக்குமா? அப்படியும் இருக்குமுங்களா. சரி. அப்பத்தான் அசைக்கக் கூடாது. ஒடஞ்ச எலும்பு உள்ள குத்திரும். சரிங்க. புரியுதுங்க. நீங்க சொல்லவே வேண்டாம், இது எனக்குப் புரியும்.

எப்படிங்க தெரிஞ்சுக்கறது, வடம் தப்பிச்சிருக்குதுன்னு? ஆளைக் காலை ஆட்டச் சொல்லிப் பாக்கோணும்.

ஆட்டுனா?

சென்னி ஆட்டுனானான்னுதானுங்களே? கேளுங்க, பரவால்லை. ஆமாங்க, ஆட்டுனான். நாந்தான் சொன்னேனே, மண்ணுல குதிகாலை ஒரைச்சான்னு. வண்டியில ஏத்தறப்பவும் பெரியானை ஒதைச்சான். அதையும் நாந்தான் சொன்னேன். இந்தக் கேட்டு வரைக்கும் ஒதைச்சுட்டுத்தான் இருந்தான்.

அப்ப, அது வலி நின்னதில்லீங்களா.

இல்லீங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நிச்சயமாச் சொல்ல முடியாது, விழுந்ததுல ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம், ஆம்புலன்சுல போயிருந்தாலும் இப்படி ஆயிருக்கலாம்… நீங்க நல்ல புள்ளை அம்மிணி. மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. ஆனா ஒதைச்சுதுங்களே. நான் பாத்தேனே. இந்தத் தண்டவாளத்துல வண்டி குதிச்சுது, காலு நின்னுது. நான் சாமி கும்பிட்டேன்.

கொஞ்சம் எறங்கி நின்னுக்கறேன்.

‘அண்ணா’ன்னா நாகமணி. அப்புறம் சொல்ல வந்தது இதுதான் போல. சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேனோ தெரியலை. அதுக்குத்தான் அவன் உள்ள இருந்து அவளைக் கூப்புட்டுச் சத்தம் போட்டிருக்கான். நானும் ரெண்டு வருசமா ஊரெல்லாம், அவன் முன்னாலயே, டீக்கடையில, கையை ஆட்டி ஆட்டி… அதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தானுங்க அவன். அத்தனை வாட்டியும்.

ரயிலு போயிருச்சுங்களா? நான் கவனிக்கலை. பின்னால ஆரன் அடிக்கறானுக. உட்காருங்க, போலாம். நீங்க கம்பியைப் புடிச்சுக்க வேண்டாம். மெதுவாத்தான் ஏத்தறேன்.

இல்லீங்க, நான் உள்ள வரலை. முன்வரிசையிலும் உட்காரலை. எம் பேரைச் சொல்லுங்கன்னு கேட்டேனே, அதை மறந்துருங்க. பேரு வேண்டாம். சொல்லிக் குடுங்க, அது போதும். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. பெரியான் எப்பவும் கடைசி வரிசையிலதான் உட்காருவான், மேஸ்திரியைத் தூக்குன பசங்களும் அங்கதான் நிப்பானுக. அவனுகளுக்குக் கேக்கோணும். ஒண்ணுக்கு ரெண்டு வாட்டி சொல்லுங்க. கதவு மேல அவனுகளையே ஒருத்தனைப் படுக்க வெச்சுப் பழகச் சொல்லுங்க. போர்வெல் ஆளுக ரெண்டு பேரு வருவாங்க, அவங்ககிட்டக் கேபிளு கதையைச் சொன்னா டக்குன்னு புடிச்சுக்குவாங்க.

கூடம் வந்துருச்சுங்க. வாசல்ல வீல் சேர்ல இருக்கான் பாருங்க, அவந்தான். பக்கத்துல நிக்கறது நாகமணி. வண்டியைப் பாத்துட்டான். பாருங்க, மூஞ்சி எப்படி ஆகுதுன்னு. என்னைக் கண்டு பயப்படறான். எனக்குத் தெரிஞ்சுருமோன்னு பயப்படறான், பாவி.

‘நிக்கலைடா சென்னி. டாக்டரம்மாவை எறக்கி விடத்தான் வந்தேன். ஆனைமலைக்கு ஒரு வாடகை இருக்குது, போறேன். ஆமாடா, அஞ்சு மணிக்கு வர்றேன்.’

பையைப் புடிங்க அம்மிணி. ஒண்ணே ஒண்ணு, கிட்ட வாங்க. எனக்குத் தெரியும்னு அவன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. ரெண்டு வருசமா எனக்காக மறைச்சு வெச்சிருக்கான். அதுவாச்சும் அவன் நெனச்ச மாதிரி இருந்துட்டுப் போகட்டும்.